கபரேத் தோட்டத்தில் வெள்ளை கட்டினேன்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வீட்டுக்குப் போட்ட கடிதங்கள்தான். பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுவேன். வரிகள் போகப் போக மேலே ஏறிக்கொண்டு போகும். பிழை திருத்தித் தரச் சொல்லி மகளிடம் கேட்கலாம். ஆனால் அவளுக்கு இப்போது தமிழைவிட இத்தாலி எழுத்துத்தான் ஓடுகிறது. அத்தோடு இதில் அவளும் வருகிறாள். ஆகவே பிழைகளோடு இருக்கட்டும்.

பலெர்மோவில் நான் வேலை செய்த ஓர் இடத்தைப் பற்றி எழுத வந்தேன். மலையடியில், கடலுக்குப் போகிற தெருவில் இருந்த ஒரு திறந்தவெளிக் கபரே. அதன் பெயரை எழுத மாட்டேன். பெயரைச் சொன்னால் இந்த நகரத்தில் வயது போன எவரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். பிறகு தாங்கள் அங்கே ஆடிய ஒரு கோடையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். நான் அங்கே ஆறு கோடை வேலை செய்தேன். ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. விளக்குகள் எரிய முன்னமே பஸ் ஏறி அல்பெர்கேரியாவில் இருந்த என் அறைக்கு வந்துவிடுவேன். எனக்குத் தெரிந்தது அந்த இடத்தின் பகல் மட்டும்.

பகலில் அது ஓர் எலுமிச்சைத் தோட்டம். மரங்களுக்கு நடுவே மேசைகள், மேசைகளின் மேல் கவிழ்த்த கதிரைகள். நடுவில் வட்டமான ஆடுதளம், பூப்போட்ட ஓடு பதித்தது. ஓர் ஓரத்தில் சிப்பி மாதிரி வளைந்த மேடை. கூரை கிடையாது. மேடையின் உட்பக்கம் முழுக்க ஆட்டக்காரிகளின் படங்கள்: சில சுவரில் வரைந்தவை, சில பழைய சுவரொட்டிகள். மேடையின் மேல் வளைவில் பாதி உடுப்பும் இல்லாத ஒரு கடல்கன்னி. நான் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போகும்போது தலையைக் குனிந்தபடியே போவேன்.

கோயிலில் இருந்த ஒரு கன்னியாஸ்திரி அம்மாதான் என்னை அங்கே அனுப்பினார். "ஒரு தோட்டத்துக்கு ஆள் வேணுமாம்" என்றுதான் அவருக்கும் சொல்லியிருந்தார்கள். போன முதல் கோடை நான் தோட்டக்காரன்தான். அதில் பொய் இல்லை. இரண்டாம் கோடை, உடுப்புத் தோய்க்கிற பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். உடுப்பறைக்குப் பொறுப்பான அம்மாவை எல்லோரும் சிஞ்ஞோரா என்பார்கள். அவர் மரத்தடியில் நின்ற என்னைக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "நீ முரட்டாள் இல்லை. வா" என்றார். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. ஊரிலும் வந்ததில்லை. இத்தாலி மொழியில் எப்படி வரும்?

அந்தச் சிஞ்ஞோராவிடமிருந்துதான் அந்த இடத்தின் கதையைக் கேட்டேன். அவர் வடக்கிலிருந்து ஒரு கோடைக்கு ஆட வந்தவர். திரும்பிப் போகவே இல்லை. ஆட முடியாத வயது வந்ததும் ஊசியும் நூலும் எடுத்து உடுப்பறையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஆண்டுகள் எண்ணாக நினைவில் இல்லை, உடுப்பாகத்தான் இருந்தன. அலுமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரும்போதே சொல்லிக்கொண்டு வருவார். நான் தோய்த்துக்கொண்டே கேட்பேன். முதலில் பாதிதான் விளங்கியது. பிறகு பிறகு எல்லாம் விளங்கியது.

பெரிய யுத்தம் முடிந்த நேரம் அது வெறும் தோட்டம். என் முதலாளியின் தகப்பனுடையது. பக்கத்தில் முகாம் போட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஆட இடம் கேட்டார்களாம். எலுமிச்சங்காய் குவிக்கிற சீமெந்துத் தளத்தைக் கூட்டித் துடைத்து, மரங்களில் மின்குமிழ்களைக் கட்டிக் கொடுத்தாராம் அந்த மனிதர். சிப்பாய்கள் கப்பலேறிப் போன பிறகும் குமிழ்களை அவர் கழற்றவில்லை. நகரத்து இளசுகள் வரத் தொடங்கினார்கள். மகன் பொறுப்பெடுத்து மேடை கட்டினார். ஒரு மரத்தையும் வெட்டவில்லை. மரம் நின்ற இடத்தை விட்டுவிட்டு மேசை போட்டார்.

பிறகு வானொலியில் பாடுகிறவர்கள் வந்தார்கள், படத்தில் நடிக்கிறவர்கள் வந்தார்கள். கார்கள் கடற்கரை வரைக்கும் நிற்குமாம். உள்ளே வர முடியாதவர்கள் பக்கத்துத் தோட்டத்து மதிலில் ஏறி இருந்து பார்ப்பார்களாம். அந்தத் தோட்டக்காரர் தன் ஏணிகளை வாடகைக்கு விட்டாராம். அந்தக் காலத்து உடுப்புகள் நீளமானவை, சரிகை வைத்தவை. அவற்றைத் தோய்ப்பது எனக்குக் கூச்சமாக இருக்கவில்லை.

அதற்குப் பின்னால் வந்ததுதான் முழுக் கபரே. பாரிசிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் பெண்கள் வந்து ஆடினார்கள். உடுப்புகள் சிறுத்துக்கொண்டே போயின, இறகுகள் பெருத்துக்கொண்டே போயின. பக்கத்துப் பங்குச் சாமியார் முறைப்பாடு செய்ய, முதலாளி மதிலை இன்னும் உயர்த்திக் கட்டினார். "சாமியார் மதிலைத்தான் உயர்த்தச் சொன்னார், பாவாடையை இறக்கச் சொல்லவில்லை" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் சிஞ்ஞோரா. அதற்குப் பிறகு முன்மேசைகளில் யார் யாரோ மெய்க்காவலர்களோடு வந்து உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் உடுப்புக் கிளிப் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கொடியைப் பார்ப்பார். நான் மேற்கொண்டு கேட்டதில்லை. நாங்களும் அப்படி வாயை மூடிப் பழகிய நாட்டிலிருந்து வந்தவர்கள்தானே.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடையில் மாஃபியாக்காரர் குண்டு வைத்து நீதவான்களைக் கொன்றார்கள். நகரத்துப் பெண்கள் அதை எதிர்த்துப் படுக்கை விரிப்புகளில் எழுதிப் பலகணிகளில் தொங்கவிட்டார்கள். தெருத் தெருவாக வெள்ளை. சிஞ்ஞோரா என்னிடம் ஒரு மேசைத்துணியை வாங்கி, ஒன்றும் எழுதாமல் வாசல் கேற்றில் கட்டினார். அந்தக் கோடையில் பாதி மேசைகள் விரிக்கப்படவே இல்லை. அதற்குப் பிறகு ஆட்கள் முன்போல வரவில்லை. ஆனாலும் உடுப்புகள் அழுக்காயின. நான் தோய்த்தேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறகை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து அலசி நிழலில் போட வேண்டும். மினுங்கல் தைத்த சட்டையைப் பிழியக் கூடாது. காலுறை, உள்ளுடுப்பு எல்லாம் கைத்தோய்ப்பு. வியர்வையும் பவுடரும் சென்ட்டும் சேர்ந்து ஒரு வாடை வரும். சில நாள் ஆப்பிரிக்காப் பக்கமிருந்து சூட்டுக்காற்று அடிக்கும். அதில் வருகிற சிவப்புத் தூள் படிந்தால் எல்லாவற்றையும் திரும்பத் தோய்க்க வேண்டும். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி மேடைக்குப் பின்னால்தான் கொடி கட்டியிருந்தேன். அங்கேயும் நான் உள்ளுடுப்புகளை நடுவில் போட்டு, இரண்டு பக்கமும் மேசைத்துணிகளைப் போட்டு மறைப்பேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிஞ்ஞோரா கேட்பார். நானே பார்க்கிறேனே என்று சொல்ல எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

நான் மன்னார்ப் பக்கம். எங்கள் ஊரில் ஒருவன் தன் வீட்டுப் பெண்களின் உடுப்பைக்கூடத் தோய்க்க மாட்டான். பிறத்தியாரின் உடுப்பைத் தோய்க்க என்று ஒரு குடும்பம் இருந்தது. கட்டாடியார் என்று கூப்பிடுவோம். கல்யாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எதுவானாலும் அவர் வந்து மேலே வெள்ளை கட்ட வேண்டும்; நடக்கிற வழியில் நிலபாவாடை என்று வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் காரியம் தொடங்கும். எல்லாம் முடிந்தபின் பந்தியில் இருக்காமல் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போவார். ஒரே கோயிலில்தான் பூசை கண்டோம். ஆனாலும் அது அப்படித்தான் நடந்தது. கடல் தாண்டி வந்து நான் அந்த வேலையைச் செய்கிறேன், அதுவும் ஆட்டக்காரிகளின் உடுப்பை என்று தெரிந்தால் என் சனம் என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே எல்லோருக்கும் தோட்ட வேலை என்றே சொல்லிவந்தேன்.

தொண்ணூற்றுமூன்றின் கடைசியில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மனைவி கெட்டிக்காரி. அடுத்த கோடை தொடங்கிய முதல் கிழமையே என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"தோட்ட வேலை செய்யிற கையெண்டால் நகத்துக்கை மண் கிடக்கும். உங்கட கை ஏன் ஊறின அவல் மாதிரிக் கிடக்கு?"

"தண்ணி விடுறது கூட."

"ஓ, எலுமிச்சை மரத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வாக்கிறியளாக்கும்."

இன்னொரு நாள் என் சேர்ட்டை மணந்து பார்த்துவிட்டு, "எந்தச் சிஞ்ஞோராவின்ரை சென்ட் இது?" என்றாள். நான் வியர்த்துப்போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சரி சரி, அதுக்கெல்லாம் உங்களுக்குத் துணிவு காணாது" என்றாள். அவள் அப்படிச் சந்தேகப்பட்டுச் சண்டை பிடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சித்திரையில் மகள் பெரியபிள்ளையானாள். ஊரில் சண்டை. தாய்மாமன் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. ஆனாலும் ஒரே பிள்ளை, சிறிதாகவாவது சாமத்தியவீடு செய்ய வேண்டும் என்று மனைவி நின்றாள். எங்கள் வீட்டில் பத்துப்பேர் நிற்க இடமில்லை. கோயில் மண்டபம் கிடைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து படியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, பொலிதேயாமாப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் சமைக்கிற அண்ணை சொன்னார்:

"ஏன் மண்டபம்? உங்கட அவர் வேலை செய்யிற தோட்டம் பெரிசெல்லோ? ஒரு ஞாயிறு கேட்டுப் பாருங்கோவன்."

"அவர் கேக்க மாட்டார். வாயைத் திறந்தால் முத்து விழுந்திடும்" என்றாள் மனைவி.

முதலாளி விடமாட்டார் என்று நான் இரண்டு கிழமையாகச் சொல்லிவந்தேன். அதனால் அவள் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எனக்குச் சொல்லாமல் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள், தானே கேட்பதற்கு.

கோடை தொடங்க முன்னம் மாரியில் பூஞ்சணம் பிடித்த உடுப்புகள் எல்லாவற்றையும் வெளியே போடுவது வழக்கம். அன்று கொடி முழுக்கப் பச்சை இறகுகளும் ரோஸ் காலுறைகளும். வாய் நிறையக் கிளிப்புகளோடு நான் நின்றேன். "அப்பா!" என்று மகளின் சத்தம் கேட்டது. திரும்பினால் பூசைக்கு உடுக்கிற சேலையோடு மனைவி நிற்கிறாள். அவள் கொடியின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள்.

"இதுதான் தோட்டமோ?"

நான் வாயில் கிளிப்புகளோடே தலையைக் குனிந்தேன்.

"வாயிலை இருக்கிறதை எடுங்கோ. ஆரின்ரை உடுப்பு இது?"

"ஆடுற பிள்ளையளின்ரை."

"நீங்களோ தோய்க்கிறது?"

"ஓம்."

அவள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் அதற்குள் சிஞ்ஞோரா வந்து இருவரையும் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். முதலாளியும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். மகளுக்கு விஷயம் புரியவில்லை. தாய் வீட்டில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே இத்தாலியில் ஒப்புவித்துவிட்டாள்: ஒரு ஞாயிறு, ஒரு விழா, எங்கட ஆக்கள் மட்டும். முதலாளி இரண்டு கையையும் விரித்தார்.

"விழாவா? இந்த இடம் வேறு எதற்குக் கட்டினது, பிள்ளை?"

இல்லை, வேண்டாம் என்று சொல்ல மனைவிக்கு அந்த மொழி தெரியாது. தெரிந்த எனக்கு வாய் வராது. பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். வீட்டுக்கு வந்து சேலையைக் கூட மாற்றாமல் சொன்னாள்:

"ஒருத்தரும் அறியக்கூடாது. அந்தப் படங்களை மூடுங்கோ. கொடியைக் கழட்டுங்கோ. நீங்கள் தோட்டக்காரன், விளங்குதோ? நாளைக்கு இவளுக்கு ஒரு சம்பந்தம் கதைக்கேக்கை, கபரேக்காரியளின்ரை துணி தோய்ச்சவன்ரை மகள் எண்டு சொல்லக்கூடாது."

விழாவுக்கு முதல் நாள் நான் தனியாக நின்று மூடினேன். களஞ்சிய அறையில் மேசைத்துணிகள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் நானே தோய்த்து அழுத்தியவை. மேடைச் சுவரில் ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டினேன். மேலே அந்தக் கடல்கன்னி இருந்தாள். ஏணி வைத்து வளைவின் கீழே குறுக்காகக் கட்டினேன். வாசலிலிருந்து மேடைக்கு வருகிற பாதையில் ஓட்டுப் பதிப்பில் ஒரு பெண்ணின் கால்கள் நீளமாக வரைந்திருந்தன. அதன் மேலும் துணி விரித்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு கால், ஒரு கைகூட வெளியே தெரியவில்லை. நெடுநாளைக்குப் பிறகு எனக்கு என் வேலையில் ஒரு திருப்தி வந்தது. சிஞ்ஞோராவும் அழகு அழகு என்றார். என் கைகள் என்ன செய்து வைத்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் சனம் வந்தது. முதலில் உள்ளே வந்தவர் மூப்பர். ஊரில் கோயிலை நடத்தியவர், இங்கே ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் படுக்கையாய்க் கிடக்கிற ஒரு கிழவரைப் பார்க்கிறவர். அவர் சொன்னால் சனம் கேட்கும். வாசலில் வைத்த காலை அவர் எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அட! நிலபாவாடை விரிச்சிருக்கு!"

பின்னால் வந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "மேலையும் பாருங்கோ, வெள்ளை கட்டியிருக்கு." "ஊரிலைகூட இப்ப ஆர் இப்பிடிச் செய்யினம்?" ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். என் மனைவி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறியதைக் கண்டுதான் எனக்கும் விளங்கியது. ஆட்டக்காரிகளை மறைக்கப் போய், கட்டாடியார் செய்கிற காரியத்தை ஒன்றும் குறையாமல் செய்துவைத்திருந்தேன்.

"நல்ல வெளுப்பு. ஆர் கட்டினது?" என்று கேட்டார் மூப்பர்.

எல்லோருடைய கண்ணும் ஒரு பக்கம் போனது. பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடைப் போறணையில் பாண் போடுகிற ஒருவர் கேக் பெட்டியோடு நின்றார். என் வயதுதான். ஊரில் அவருடைய குடும்பம் எந்தக் குடும்பம் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒருவரும் வெளியே சொல்வதில்லை. அன்று கண்ணால் சொன்னார்கள்.

அவர் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "ஐயா, என்னை ஏன் பாக்கிறியள்? நான் கேக் கொண்டந்தனான்."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"நான் கட்டியிருந்தால் அந்த நடுத்துணி உப்பிடித் தொங்காது. எங்கட அப்பர் கண்டால் ஏணியிலை இருந்து தள்ளி விட்டிருப்பார்."

"அப்ப ஆரப்பா?" என்றார் மூப்பர்.

"இஞ்சத்தை ஆக்கள் கட்டினவை" என்றாள் என் மனைவி அவசரமாக.

"வெள்ளைக்காரனுக்கு நிலபாவாடை தெரியுமோ, பிள்ளை?"

கண்கள் திரும்பவும் அந்த மனிதரிடமே போயின. அவருடைய மனைவி தன் மகளைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டாள். அவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, சும்மா கிடந்த கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் காற்சட்டைப் பையில் போட்டார். அதைக் கண்டபோது என் காது சுட்டது. எனக்குக் கூட்டத்தில் குரல் வராது. அன்று எப்படி வந்ததோ தெரியாது.

"நான்தான் கட்டினனான். தோய்ச்சதும் நான்தான். இஞ்சை என்ரை வேலை தோய்க்கிறது."

மூப்பர் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "தோட்டம் எண்டெல்லோ சொன்னனீ?"

"தோட்டத்துக்கைதான் தோய்க்கிறனான்."

பகிடிக்குச் சொல்லவில்லை. வேறு சொல் வரவில்லை. போறணைக்காரர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

சடங்கு நடந்தது. சமையல் அண்ணை தாய்மாமனின் இடத்தில் நின்று தேங்காய் உடைத்தார். மகள் அந்தத் துணியின் மேல் நடந்து வந்தாள். பால் அறுகு வைத்தார்கள், ஆலாத்தி எடுத்தார்கள். படங்களைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சின்னப் பெடியன் மட்டும் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கை ஒரு அக்கா உடுப்பில்லாமல் நிக்கிறா, குளிராதோ?" என்று கேட்டான், தாய் அவனை இழுத்துக்கொண்டு போனாள். மூப்பர் போகும்போது துணியில் கால் வைக்காமல் ஓரமாக நடந்து போனார். பஸ்ஸுக்கு நேரமாகுது என்று சில குடும்பங்கள் சாப்பிடாமலே கிளம்பின. மனைவி சோற்றுச் சட்டியை மூடி வைத்துவிட்டு எலுமிச்சை மரத்தடியில் போய் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் போக எனக்குத் துணிவு வரவில்லை.

போறணைக்காரர் இருந்து சாப்பிட்டார். பிறகு துணிகளை அவிழ்க்க உதவிக்கு வந்தார். நான் மெல்ல, "குறை நினையாதேங்கோ" என்றேன்.

"நீங்கள் சொன்னது நல்லம் அண்ணை. எனக்கு உதவிதான்" என்றார் அவர், துணியை மடித்துக்கொண்டே. "ஆனால் உங்களுக்கு இது வேலை. பிடிக்காட்டில் நாளைக்கு விட்டிட்டு வேறை வேலைக்குப் போவியள். நான் பதினைஞ்சு வருஷமாய்ப் பாண்தான் போடுறன். இண்டைக்கும் என்னைத்தானே பாத்தவை."

நான் துணியின் மற்றத் தொங்கலைப் பிடித்து மடித்தேன்.

வேலையை விடச் சொல்லி மனைவி அழுதாள். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலை எடுத்துத் தருவதாகச் சமையல் அண்ணை சொன்னார். நான் விடவில்லை. அது வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிஞ்ஞோராவிடம் போய் வரமாட்டேன் என்று சொல்ல வெட்கம். போறணைக்காரர் சொன்ன அந்தச் சொல்லுக்குப் பிறகு விட்டுவிடவும் வெட்கம். இரண்டு வெட்கத்துக்கும் நடுவில் இன்னொரு கோடை தோய்த்தேன்.

கடைசியில் வேலைதான் என்னை விட்டது. அடுத்த ஆண்டு பனிக்காலத்தில் முதலாளி இறந்தார். பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. இடத்தை விற்றார்கள். உடுப்புகளை ஒரு நாடகக் கூட்டம் லொறியில் ஏற்றிக்கொண்டு போனது. ஏற்ற முன்னம் எல்லாவற்றையும் ஒருமுறை வெயிலில் போடச் சொன்னார் சிஞ்ஞோரா. சிப்பாய்கள் காலத்திலிருந்து கடைசிக் கோடை வரைக்கும் எல்லாம் ஒரே நாளில் கொடியில் கிடந்தன. அன்று நான் எதையும் நடுவில் போட்டு மறைக்கவில்லை. அவர் ஒரு கதிரையைப் போட்டு இருந்து பார்த்தார். பிறகு வடக்கே தங்கையிடம் போய்விட்டார். மரங்களை வெட்டிவிட்டார்கள். இப்போது அங்கே வீடுகள் எழும்புகின்றன. நான் ஒரு வயோதிபர் இல்லத்தில் நிலம் கழுவுகிறேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை முடியவில்லை. சில மாதம் கழித்து ஒரு கல்யாணவீட்டுக்கு மூப்பரே ஆளனுப்பினார்: "உனக்கு வெள்ளை கட்டத் தெரியும்தானே, வந்து கட்டிவிடு." போனேன். பிறகு ஒரு செத்தவீடு. பிறகு இரண்டு சாமத்தியவீடு. எங்கள் சனத்துக்கு அந்த வழக்கம் திரும்பக் கிடைத்ததில் பெரிய சந்தோஷம். ஒவ்வொரு தடவையும் மனைவி வாசலில் நின்று, "போகாதேங்கோ" என்பாள். நான் கூப்பிட்டவர்களுக்கும் மாட்டேன் என்று சொல்லாமல், அவளுக்கும் பதில் சொல்லாமல் போவேன். போன மாதம் ஒரு வீட்டில் கட்டி முடித்துவிட்டு ஏணியால் இறங்கினேன். உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், பூசையில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர். படிக்கட்டில் நின்ற என் கையில் ஒரு பார்சலைத் தந்தார். "வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிடுங்கோ, என்ன" என்றார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்குத் தெரியவும் இல்லை. வழி நெடுக அந்தப் பார்சல் சூடாக இருந்தது. நான் அதை வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. எங்கே வைத்தேன் என்று எழுதவும் விருப்பமில்லை.

இன்றைக்குக் காலை திரும்பவும் போன் வந்தது. மூப்பரின் மருமகன். வாற ஞாயிறு ஒரு சாமத்தியவீடு.

"ஏலாது, தம்பி" என்றேன்.

அவர் நம்பவில்லை. "என்ன அண்ணை, சுகமில்லையோ?"

"சுகம்தான். ஏலாது."

"சரி, பறவாயில்லை. அப்ப போறணை அண்ணையைக் கேக்கிறம்."

அதை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்பதை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. வாறன் என்று சொல்ல என் வாய் திறந்தது. என்னை விட்டால் அவரிடம்தான் போவார்கள் என்பது எனக்கு ஏன் முன்னம் தோன்றவில்லை? இல்லை, தோன்றித்தான் இருக்கும்.

"அவரையும் கேக்காதேங்கோ. உங்களுக்கு வேணுமெண்டால் நீங்கள் ஏறிக் கட்டுங்கோ" என்றேன். போனை வைத்தேன். குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஆரோடை சண்டை?"

"சண்டை இல்லை."

"சத்தம் இவ்வளவுக்குக் கேட்டுது."

அவள் சிரிக்கவில்லை, என்றாலும் கோபமும் இல்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பிறகு மகளின் கொப்பியில் நாலைந்து தாள் கிழித்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். அவர்கள் அவரைக் கேட்டார்களோ, கேட்டால் அவர் என்ன சொல்வாரோ எனக்குத் தெரியாது. போறணை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். நடந்துபோய் அவரிடமே கேட்கலாம். எழுதி முடிக்கும்வரைக்கும் நான் எழும்பவில்லை.

பலெர்மோ, 1998 கார்த்திகை 22, ஞாயிற்றுக்கிழமை.